பட்டன் எந்தப் பக்கம்

என் அக்காவுக்குப் புத்தகத்தின் பேர் வேண்டாம். எழுதினவர் பேரும் வேண்டாம். அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பேயா, போலீஸா, குடும்பமா?" பதிலைச் சொன்னால், "செரி, போடு" என்பாள். அதனால் இங்கேயும் நான் எந்தப் பேரையும் சொல்லப்போவதில்லை. அவளுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் கதையைச் சொல்கிறேன். மனதில் கொக்கி மாட்டிக்கொண்டால் நீங்களே தேடிப் பிடித்துவிடுவீர்கள். நானும் அப்படித் தேடிப் பிடித்தவன்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன். அக்கா நாலாம் வகுப்போடு நின்றாள். வயது வந்ததும் நூல் மில்லுக்குப் போனாள். நான் பாலிடெக்னிக் படித்து, அதற்கு மேல் இன்ஜினியரிங்கும் படித்து, இப்போது கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். அவள் அன்னூரில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். பஸ் போர்டு படிப்பாள், அளவு நோட்டு எழுதுவாள், அவ்வளவுதான். ஆனால் கேட்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நான் எட்டாம் வகுப்புப் பாடத்தைச் சத்தம்போட்டுப் படித்தபோது, சோளம் புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்த ராசா எதுக்குக் கண்ணு ஊரையே மாத்துனான்? கிறுக்கனா?" என்று வாத்தியார் கேட்காத கேள்வியைக் கேட்டவள்.

அந்தப் பழக்கம்தான் வளர்ந்து இப்படி ஆகியிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, ஏதாவது ஒரு கதையில் பத்துப் பக்கத்தை எங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றிச் சொல்லி, வாய்ஸ் மெசேஜாக அவளுக்கு அனுப்புவேன். மிஷினை மிதித்துக்கொண்டே அவள் கேட்பாள். சாயங்காலம் தீர்ப்பு வரும். "இன்னைக்கு நல்லா இருந்துச்சு." அல்லது, "இவன் என்னடா, மூணு நாளா சன்னலையே பாத்துட்டு உக்காந்திருக்கான். வேற போடு."

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். காலேஜ் இரண்டாம் வருடமே எனக்கு அது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பயந்தது ஊருக்கு இல்லை, கம்பெனிக்கு இல்லை, அக்காவுக்குத்தான். தெரிந்தால் அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிடுவாளோ என்று.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பட்டுக் கட்டி, பூ வைத்து, அவளே கல்யாணப்பெண் மாதிரி வந்து அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரு சேலையின் ஒரு நுனி அவள் கையில், மறுநுனி அவன் கையில். அன்றைக்கு மணவறையில் முதல் மரியாதை அவளுக்குத்தான். கூடப்பிறந்தவள் இருந்தும் அந்தச் சீர் நடக்கவில்லை என்றால் சொந்தபந்தம், ஒறம்பரைச் சனம் எல்லாம் ஆயுசுக்கும் பேசும். என் அக்கா மில்லில் இருந்தபோதே அதற்கென்று ஒரு பட்டு எடுத்து வைத்துவிட்டாள். பாசிப்பயறுப் பச்சை, அரக்குக் கரை. எனக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அதை எடுத்து நிழலில் உலர்த்தி மறுபடி மடித்து வைப்பாள். "என்ற தம்பி கல்யாணத்துக்கு" என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்வாள்.

இனி புத்தகங்களுக்கு வருகிறேன்.

எங்களைப் போன்றவர்களைப் பற்றிய கதைகளை நான் தேட ஆரம்பித்தபோது முதலில் கிடைத்ததெல்லாம் அழுகை. ஒருவன் கடைசிப் பக்கத்தில் கிணற்றில் குதிக்கிறான். இன்னொருத்தி ஊரைவிட்டே போகிறாள். நல்ல கதைகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படித்து முடித்ததும் நெஞ்சில் ஈரச்சாக்கைப் போட்ட மாதிரி இருக்கும். நமக்கு இவ்வளவுதான் போல என்று நினைத்திருந்தேன்.

உக்கடத்தில் ஒரு பழைய புத்தகக் கடை. கடைக்காரப் பாய் ஆங்கிலப் புத்தகங்களைத் தனக்குத் தெரிந்த மாதிரி பிரித்து வைத்திருப்பார்: போலீஸ் கட்டு, பேய்க் கட்டு, குடும்பக் கட்டு, ராக்கெட் கட்டு. அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் பிரிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போலீஸ் கட்டில் கைபோட்டு, ஏதோ ஒன்றை உருவி, நின்றபடியே நாற்பது பக்கம் படித்துவிட்டேன்.

"என்ன தம்பி, கால் வலிக்கலியா? அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்க" என்றார் பாய்.

எனக்குக் கால் இருக்கிற நினைப்பே இல்லை. கதை இதுதான். கடலோர ஊர், மழைக்காலம். படகுத்துறையில் ஒரு பெரிய மனுசர் செத்துக் கிடக்கிறார். அவர் உள்ளங்கைக்குள் ஒரு சட்டைப் பட்டன், பிய்ந்த துணியோடு. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் குனிந்து பார்க்கிறார். தன் சட்டையைப் பார்க்கிறார். அதில் ஒரு பட்டன் இல்லை. காலையில் அவசரத்தில் அவர் மாட்டிக்கொண்டு வந்தது அவரோடு வாழும் ஆளின் சட்டை. அந்த ஆளும் ஆண். பத்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், செடிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். அதைப் பற்றி அந்த ஊரில் யாருக்கும் ஒரு கவலையும் இல்லை. கவலையெல்லாம் கொலைகாரன் யார் என்பதுதான்!

எனக்கு அந்த இடத்தில் நின்றுகொண்டு கத்த வேண்டும் போல இருந்தது. நாங்கள் தனிக் கட்டில் இல்லை. போலீஸ் கட்டில் இருக்கிறோம்! அப்படியென்றால் பேய்க் கட்டில்? ராக்கெட் கட்டில்? அன்றைக்கு இரண்டு பை நிறையத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இன்ஸ்பெக்டர் கதையைத்தான் அக்காவுக்கு முதலில் சொன்னேன். ஆனால் இங்கே ஒரு கோழைத்தனம் செய்தேன். அந்தக் கூட இருக்கும் ஆளைப் பெண்ணாக மாற்றிவிட்டேன். வெளிநாட்டில் பெண்களும் சட்டை போடுவார்கள்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். இன்ஸ்பெக்டர் அவசரத்தில் வீட்டுக்காரம்மாவின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று சொல்லி, பட்டன் பிய்ந்த இடம் சட்டையின் வலப்பக்கம் என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொல்லி, மூன்று நாள் ஓட்டினேன்.

நாலாம் நாள் பம்பு ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் அக்காவின் மெசேஜைக் கேட்டேன்.

"ஏங்கண்ணு, எனக்கு ஒண்ணு புரியல. பொம்பளை சட்டைன்னா பட்டன் இடப்பக்கமல்லோ வரும்? வலப்பக்கம் பட்டன் வெச்சா அது ஆம்பளை சட்டை. அது போவட்டும். அந்தம்மா சட்டை அந்தப் போலீஸ்காரனுக்கு எப்படித் தோள் புடிச்சுது? கையைத் தூக்குனா கக்கத்துல கிழிஞ்சிருக்குமே. எழுதுனவனுக்குத் துணி தெரியாதா, இல்ல நீ ஏதாச்சும் முழுங்கிப்போட்டயா?"

சின்ன வயதிலேயே துணியைத் தொட்டு எந்த மில்லின் நூல் என்று சொன்னவள். அவளிடம் போய்ச் சட்டையில் பொய் சொல்லியிருக்கிறேன்! நான் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். தொட்டியை இரண்டு சுற்றுச் சுற்றினேன். பிறகு போனை வாய்க்கு ஒட்டி வைத்து, "அக்கா, அது பொம்பளை இல்லீங்க்கா. ஆம்பளை. அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா வாழறாங்க, புருசன் பொண்டாட்டி மாதிரி. நாந்தான் மாத்திச் சொல்லிப்போட்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவள் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது. தொட்டியை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். பிறகு வந்தது.

"அடப்பாவி! இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா மூணு நாளா நாங்க அந்தப் பட்டனைப் புடிச்சுத் தொங்கிட்டு இருப்பமா? மறுக்கா மொதல்ல இருந்து சொல்லு. மாத்தாம சொல்லு."

அதற்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. ரவிக்கைகளுக்கு ஊக்கு தைத்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டு அத்தை. "அப்ப ரெண்டும் ஆம்பளைங்களா? அப்ப சோறாக்கறது ஆரு?"

"ரெண்டு பேருமா ஆக்கிக்குவாங்க. உன்ற ஊட்டுக்காரர் மாதிரி தட்டைத் தட்டீட்டா உக்காந்திருப்பாங்க?" இது அக்கா.

இரண்டு மூன்று பேர் சிரிக்கும் சத்தம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அவள் காதுக்கு மட்டும் என்று அனுப்பிக்கொண்டிருந்ததை அவள் ஸ்பீக்கரில் போட்டு, தைக்க வந்தவர்கள், தைத்ததை வாங்க வந்தவர்கள், சும்மா வந்தவர்கள் எல்லாருக்கும் ஓட விட்டிருக்கிறாள். மாதக்கணக்காக.

அடுத்த சனிக்கிழமை அன்னூர் போனபோது அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் பேக்கரியில் அக்கா பிள்ளைகளுக்குத் தேங்காய் பன் கேட்டேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த, முன்பின் பார்த்திராத ஓர் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஏனுங்க, நீங்க அந்தக் கதைத் தம்பிங்களா? கொரலைக் கேட்டதீம் தெரிஞ்சுபோச்சுங்க."

"ஆமாங்க."

"அந்தச் சட்டைக்காரரைப் புடிச்சு உள்ள போட்டுருவாங்களாங்க?"

"அது இப்பச் சொல்லக்கூடாதுங்க. திங்கக்கெழமை வருதுங்க."

"அவரு பண்ணியிருக்க மாட்டாருங்க. செடிக்கெல்லாம் தண்ணி ஊத்தற மனுசன். ஆனா ஒண்ணுங்க, பின்னால தடதடன்னு ஒரு சத்தம் வருது பாருங்க, அது வரும்போதுதானுங்க எனக்குப் பயமா இருக்குது."

அது எங்கள் கம்பெனி பம்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. பேய் பிடித்தவன் மாதிரி தேடினேன். பேய் என்றதும் சொல்கிறேன். உங்களுக்குப் பயப்படப் பிடிக்கும் என்றால் இதைத் தேடுங்கள்: மலை மேல் ஒரு பழைய ஆஸ்பத்திரி, அங்கே புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ், பொழுது சாய்ந்ததும் வார்டுக்குள் நடக்கும் ஒரு வெள்ளை உருவம். அந்த உருவம் முன்னாளில் அங்கே வேலை பார்த்த இன்னொரு நர்ஸ். யாரையும் கொல்ல வரவில்லை. தான் காதலித்த பெண்ணுக்கு எழுதிய கடிதத்தைத் தேடி அலைகிறது. அந்தப் பெண் இப்போது அதே வார்டில் பல் போன கிழவியாகப் படுத்திருக்கிறாள். வால்பாறை மலையேறும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் ஆடிக்கொண்டே அதைப் படித்து முடித்தேன். கண்ணில் தண்ணீர். பக்கத்து சீட்காரர் வாந்தி வருகிறதென்று நினைத்து எனக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

ராக்கெட் கட்டில் கிடைத்தது இன்னும் அருமை. ஓட்டை உடைசலான ஒரு விண்கப்பல். அதன் மெக்கானிக் ஒரு திருநம்பி, பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவன். கப்பலில் ஆக்ஸிஜன் பம்பு நின்றுவிடுகிறது. இவனைத் தவிர அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆள், இவனுடைய பழைய பேரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் அவன் சொந்த அப்பா. இருவரும் ஒரே குழாய்க்குள் படுத்துக்கொண்டு ஸ்பேனரை மாற்றி மாற்றி வாங்க வேண்டும். பம்பைப் பற்றி அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தது அத்தனையும் சரி. நான் டெஸ்டிங்கில் இருப்பவன், சும்மா சொல்லவில்லை. அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, கதை என்றால் ஓடுகிறவர், இதை மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டாராம். "மாப்ள, அந்தப் பம்புல இம்பெல்லர் சக்கரம் கழண்டதை அந்தப் பையன் எப்படிக் கண்டுபுடிச்சான், அத மறுக்கா சொல்லு" என்று எனக்கே போன் செய்தார்.

படக்கதை ஒன்றும் உண்டு. வார்த்தையே கிடையாது, முழுக்கப் படம்தான். லாரி ஓட்டும் இரண்டு பெண்கள், ஒரே லாரி, ஒரு நாய். அதை நான் படித்துச் சொல்ல வேண்டியதில்லை என்று அக்கா கையிலேயே கொடுத்துவிட்டேன். அளவு டேப்பைப் பக்க அடையாளமாக வைத்து, இரண்டு வாரம் படித்தாள். அவள் ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தானே படித்து முடித்தது அதுதான் முதல் தடவை. "நாய் பொழச்சுக்கிச்சு கண்ணு" என்று போனில் சொன்னாள், நான் அந்தப் புத்தகத்தைப் பார்க்காதவன் மாதிரி.

எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று நான் கதை விடமாட்டேன். பேய்க்கதை ஓடிய வாரம் ஓர் அம்மா தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். "நல்ல ஊட்டுப் பொம்பளைங்க வர்ற எடத்துல இதென்ன கருமம்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டே போனாராம். ஊக்கு அத்தைகூட ஒருநாள், "உன்ற தம்பிக்கு வேற கதையே கெடைக்கலியா அம்மணி?" என்று கேட்டிருக்கிறார். அக்கா அதற்கு என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. கதையில் வருகிறவர்களை அவள் ஏற்றுக்கொள்வது வேறு. கடலோர ஊர் எங்கோ இருக்கிறது. அன்னூர் இங்கே இருக்கிறது.

குடும்பக் கட்டிலிருந்து எடுத்த கதையைப் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா போன் செய்தாள். ஆனைமலைப் பக்கம் ஒரு இடம் வந்திருக்கிறதாம். பெண் பி.எஸ்சி., பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாளாம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு பெண் பார்க்கப் போகலாம், வரும்போது மாசாணியம்மனையும் கும்பிட்டுவிட்டு வரலாம் என்றாள். அன்று சாயங்காலமே அக்காவின் மெசேஜ். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "கண்ணு, அந்தப் பட்டுக்குத் தெச்ச ரவிக்கை எனக்குப் பத்தவே மாட்டீங்குது. நாலு வருசத்துக்கு முன்னாடி தெச்சது. பிரிச்சு உட்டுக்கறேன். இந்தத் தடவை இணைச்சீர் வந்துரும்னு என்ற மனசு சொல்லுது." குரலில் அவ்வளவு சந்தோசம். அதை இரண்டாம் தடவை கேட்க என்னால் முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனேன். வேறு யாரும் இல்லை. அக்கா அந்த அரக்கு ரவிக்கையின் பக்கத் தையலைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று நான் வழி முழுக்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அக்கா, அந்தப் பொண்ணைப் பாக்க வேண்டாங்க்கா."

"ஏன், போட்டோல புடிக்கலியா?"

"யாரையும் வேண்டாங்க்கா. பொண்ணே வேண்டாம்."

அவள் நிமிரவில்லை. நூலை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். சுவர்க் கடிகாரத்தின் மேல் ஒரு ஓணான் அளவுக்குப் பல்லி.

"அந்த இன்ஸ்பெக்டர் மாதிரியா?" என்றாள்.

"ஆமாங்க்கா."

ஒரு பக்கத் தையல் முழுசாகப் பிரிந்துவிட்டது. மறுபக்கத்தைத் திருப்பினாள். பிறகு ரவிக்கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி, "நாலரை பஸ்ஸு வந்துரும். கெளம்பு" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அவள் அதைக் கேட்காமல் அனுப்பிய ஒரே நாள் அதுதான்.

திங்கட்கிழமை வழக்கம்போல மாடிக்குப் போய்ப் பத்துப் பக்கம் சொல்லி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது, அவள் கேட்கவில்லை. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. கதை எந்த இடத்தில் நின்றது தெரியுமா? மலையூரில் முப்பது வருடமாக ஒரு லாட்ஜ் நடத்தும் இரண்டு அம்மாக்கள். ஒருவருடைய அண்ணன் மக்கள் வந்து வீட்டைப் பூட்டி, இருவரையும் பெட்டியோடு வெளியே நிறுத்திவிட்டார்கள். கொட்டுகிற மழை. அவர்களிடம் ஒரே ஒரு குடை.

ஒன்பதாம் நாள், தெரியாத நம்பரிலிருந்து போன். ஊக்கு அத்தை.

"என்ன சாமி, அந்த ரெண்டு பொம்பளைகளையும் மழையில நிறுத்திப்போட்டு நீ பாட்டுக்குப் போயிட்ட? சளி புடிச்சுச் செத்துருவாங்க."

"அக்கா கேக்க மாட்டீங்கறாங்க, அத்தை."

"அவ எதைக் கேக்கறா? காதுல ஒயரை மாட்டீட்டு உக்காந்திருக்கா, அதுல ஒண்ணும் ஓடறதில்ல. நான் எடுத்து வெச்சுப் பாத்துட்டேன். உங்களுக்குள்ள என்ன தகராறுன்னு நான் கேக்கல. எனக்குக் கதை வேணும். என்ற நம்பருக்கு அனுப்பு."

அனுப்பினேன். ஒரு குடைக்குள் இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் டீக்கடைத் தாழ்வாரத்தில் நிற்கிறார்கள். அங்கே ஒருவர் மற்றவரின் ஈரத் தலையைத் தன் சேலைத் தலைப்பால் துவட்டிவிட்டு, நெற்றியில் முத்தம் கொடுக்கிறார். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்வது இரண்டு பக்கம். அந்த முத்தத்தையும் அந்த இரண்டு பக்கத்தையும் நான் சொல்லவில்லை. நேராகக் காலையில் பஸ் வருவதற்குத் தாவிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம், மாடியேறும்போது அக்காவின் மெசேஜ் வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நேத்து கடையில அத்தை போட்டுச்சு. கேட்டேன். அந்தத் தாவாரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல என்னமோ இருந்திருக்கு, நீ முழுங்கிப்போட்ட. தலை துவட்டுனவ சும்மா பஸ்ஸு வர்ற வரைக்கும் நின்னுட்டா இருந்திருப்பா? தையல் உட்ட எடம் எனக்குத் தெரியாதா? மாத்தாம சொல்லுன்னு உனக்கு அன்னைக்கே சொல்லியிருக்கேன்." பிறகு மிஷின் கொஞ்ச நேரம் ஓடும் சத்தம். நின்றது. "ஆனைமலைக்காரங்களுக்கு வரலைன்னு நான் சொல்லிப்போட்டேன். அந்தப் புள்ளையாவது பரீட்சைக்குப் படிக்கட்டும். அம்மாகிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல. அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்கும் தெரியல. இந்த ஒம்போது நாளா எனக்கு ஒரு வெசனம்தான் கண்ணு. நீ அந்தப் பட்டனைக் கொண்டாந்து என்ற கையில குடுத்தே. நான் அது எந்தப் பக்கத்துதுன்னு மட்டும் பாத்திருக்கேன். ஆரோடதுன்னு பாக்கல. செரி, மீதியை அனுப்பு. சாப்ட்டயா?"

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் சாப்பிட்டேன் என்று சொன்னேன். அந்த ஒரு பொய்யை மட்டும் அவள் விட்டுவிட்டாள்.

விட்ட இரண்டு பக்கத்தையும் சொன்னேன். முத்தத்தையும் சொன்னேன். ஊக்கு அத்தையின் விமரிசனம் தனியாக வந்தது: "இதுக்காடா ஒளிச்சே? நான் என்னமோன்னு நெனச்சேன்."

போன மாதம் கோயம்புத்தூரில் சினிமா ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன ஹாலில் படம் போட்டார்கள். கல்யாண வீட்டுக் காமெடி. பெண் வீட்டுச் சமையல்காரரும் மாப்பிள்ளை வீட்டுச் சமையல்காரரும் யார் விருந்து பெரிது என்று அடித்துக்கொண்டு, கடைசியில் அந்தச் சண்டை தாங்காமல் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஓடிப்போக, சமையல்காரர்கள் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் ஆசைப்பட்டுவிடுகிறார்கள். சிரிக்க வேண்டுமென்றால் இதைப் பாருங்கள், வயிறு புண்ணாகிவிடும். அக்காவை வரச்சொன்னேன். தியேட்டருக்குப் போயே பல வருடம் ஆனவள், வருவாள் என்று நான் நம்பவில்லை.

ஹால் வாசலில் எல்லாரும் ஜீன்ஸும் டி-சர்ட்டுமாக நின்றுகொண்டிருந்தோம். ஆட்டோவிலிருந்து முதலில் ஊக்கு அத்தை இறங்கினார். பின்னால் அக்கா. பாசிப்பயறுப் பச்சை, அரக்குக் கரை. பிரித்துவிட்டுத் தைத்த ரவிக்கை கச்சிதமாக இருந்தது. தலையில் மல்லிகைப்பூ. வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவள் வழி தவறி வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள்.

"என்னக்கா இது?" என்றேன்.

"என்ன என்னக்கா? பட்டைச் சும்மா மடிச்சே வெச்சிருந்தா மடிப்புல இத்துப்போகும். தெரியாதா உனக்கு? தள்ளு, வெயிலு."

"நான்கூடச் சொன்னேன் சாமி, சினிமாவுக்கு ஆராச்சும் பட்டுக் கட்டுவாங்களான்னு" என்றார் அத்தை. "இவ கேட்டாத்தான?"

படம் பிறமொழி. கீழே ஓடிய ஆங்கில எழுத்தை நான் அக்காவின் காதில் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் அதை அத்தையின் காதில் சொன்னாள். முன் வரிசைப் பையன் திரும்பி, "ஷ்ஷ்" என்றான். பின் வரிசையிலிருந்து யாரோ, "அண்ணா, நீங்க கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க, நல்லா இருக்குது" என்றார்கள்.

ஏ.சி. அதிகம். அக்காவுக்குப் பழக்கமில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் சமையல்காரர்கள் இருவரும் ஒரே அண்டாவைக் கிளற ஆளுக்கொரு கரண்டியோடு நின்றார்கள். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், முந்தானையின் மிச்ச நுனியை என் மடியில் போட்டு, "உனக்கும் குளுருமல்ல, புடி" என்றாள்.

பிடித்துக்கொண்டேன்.

"வாயைத் தொறந்தான் பாரு. என்ன சொல்றான், சொல்லு. மாத்தாம சொல்லு."